தட்டில் தடவிய வெண்ணெய்

முதலில் தப்புச் செய்தவர் என் சம்பந்தி தெய்வநாயகம். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. போகப் போகக் குழந்தை வரும், ஆஸ்பத்திரி வரும், ஊசி வரும். கேட்கிறவர்களுக்கு என் மேல் ஒரு மாதிரி எண்ணம் வரும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாயைத் திறந்தவர் அவர்தான்.

நீங்கள் சிங்காநல்லூரில் ஏறியதிலிருந்து என் மடியில் இருக்கிற அட்டைப் பெட்டியைப் பார்க்கிறீர்கள். மேலே வைக்க இடம் இருக்கிறதே, இந்த ஆள் ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியிருக்கும். உள்ளே கேக் இருக்கிறது. மேலே வைத்தால் ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியதும் பொடிந்துவிடும். கேக்கை மடியில்தான் கொண்டுபோக வேண்டும். மதுரை வரைக்கும் வருகிறீர்கள் அல்லவா? அப்படியானால் சொல்லலாம். நேரம் கிடக்கிறது.

நான் சாத்தூரில் கேக் மாஸ்டர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி, அதற்குப் பிறகு மாவுதான். வெள்ளைச்சாமி மாஸ்டர் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டால் தெரியும். கை நடுங்குகிறது என்று முதலாளி இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அது வேறு கணக்கு. அந்த முதலாளியைப் பற்றிப் பேச இன்னொரு பஸ் வேண்டும்.

என் மகன் முத்துராஜுக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். யாழினி என்று பெயர். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் சொல்வேன், பிறகு. நிச்சயதார்த்தத்துக்கு நான் வெறுங்கையோடு போக முடியுமா? மூன்று அடுக்குக் கேக். ராத்திரி பகலாக நின்று செய்து, வேன் பிடித்து, ஆளுக்கு ஓர் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு போனோம். சபையில் வைத்ததும் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

தெய்வநாயகமும் வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஓய்வு பெற்றவருக்கு எதற்கு இரண்டு பேனா? ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். என் சொந்தபந்தம் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சொன்னார்:

“டால்டா வாசம் அடிக்குதுங்க சம்பந்தி.”

‘ங்க’ வேறு. நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் இல்லையே? அப்படியானால் சொல்லலாம். செருப்பால் அடித்தாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ போட்டுவிடுவார்கள், அடி வாங்கியவன் கும்பிட வேண்டும்.

அதோடு நிறுத்தினாரா? ஏதோ பேசிக்கொண்டே போனார். அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்ததாம். சம்பள நாளில் அவர் அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போவாராம். இதே வாசம் அடிக்குமாம். அதற்குப் பிறகு அந்த ருசி இன்றைக்குத்தான் நாக்கில் பட்டதாம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு துண்டு கேக்கும் எடுத்தார். எதற்கு எடுத்தார்? முதல் துண்டில் கண்டுபிடித்த குறை போதவில்லை, இரண்டாவதில் தேடினார். டால்டா என்று சபையில் சொன்ன பிறகு, பின்னால் எதைச் சொன்னால் என்ன? சோற்றில் கல் கடிபட்டால் குழம்பின் ருசியையா பேசுவார்கள்?

டால்டா போட்டதுதான். போடாமல் என்ன? அந்த வெயிலில் வேனில் போகிற கேக்குக்கு வெண்ணெயில் கிரீம் அடித்தால் பல்லடம் தாண்டுவதற்குள் வழிந்து வேஷ்டியில் நிற்கும். அது தொழில். ஒருவன் தொழிலைச் சபையில் வைத்து மோந்து பார்ப்பது மனுஷன் செய்கிற காரியமா?

என் வீட்டுக்காரி அப்போது இருந்தாள். திரும்பி வரும்போது வேனில் சொன்னாள்: “உங்களுக்குச் சோறு செரிக்கும், சொல்லு மட்டும் செரிக்காது.” அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தச் சொல் இன்னும் செரிக்கவில்லை.

அப்புறம் பேத்தி பிறந்தாள். நறுமுகை என்று பெயர். யார் வைத்தது? அவர்கள் வைத்தது. என் வாயில் நுழையவில்லை, நான் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவேன். முதல் சோறு ஊட்டியது தெய்வநாயகம் மடியில். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. வேறு நாள் வைத்திருக்கலாம் அல்லவா? வைக்க மாட்டார்கள். மொட்டை போட்டுக் காது குத்தியது தாய்மாமன் மடியில். அது முறை, அதை நான் கேட்க மாட்டேன். ஆனால் எல்லாமே அந்தப் பக்கத்து மடியாகவே இருந்தால் என் மடி எதற்கு? பஸ்ஸில் அட்டைப் பெட்டி வைக்கவா?

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, முதல் பிறந்த நாள் கேக். அதை நான் செய்ய வேண்டும், முதல் வாயை என் கையால் கொடுக்க வேண்டும். போனில் மகனிடம் சொன்னேன். அவன் இழுத்தான்.

“அப்பா, பாப்பாவுக்கு முட்டை ஒத்துக்காதுப்பா. பாலும் ஒத்துக்காது.”

“யார் சொன்னா?”

“டாக்டர் சொன்னாங்கப்பா. மஞ்சக்கரு கொடுத்தோம், உடம்பெல்லாம் தடிச்சிருச்சு. அப்புறம் ஒரு ஸ்பூன் தயிர், உதடு வீங்கிருச்சு. மோர், நெய், வெண்ணெய் எதுவும் ஆகாது. ஒரு துளி கூட.”

ஒரு துளி கூட! நான் எத்தனை முட்டை உடைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் வம்சத்தில் ஒரு குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாதாம். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குத் தடிப்பு வந்தால் வேப்பிலையை அரைத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்ப்போம். தயிரால் வந்ததா, தேளால் வந்ததா என்று யார் ஆராய்ச்சி செய்தது? எல்லாம் அந்த வீட்டுப் படிப்பு. படித்த வீட்டில் தும்மினால்கூட அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

சரி என்று போனேன். போகும்போதே ஒரு காரியம் செய்தேன். கோயம்புத்தூரில் இறங்கியதும் கடை கடையாக விசாரித்து நல்ல ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிக்கொண்டேன். அவர்கள் பக்கத்து வெண்ணெய், அவர்களே குறை சொல்ல முடியாது. டால்டா என்ற சொல் இன்னொரு தடவை அந்த மனுஷன் வாயில் வரக் கூடாது. குழந்தைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், வருகிற கூட்டத்துக்கு ஒரு கேக் போடலாமே என்று நினைத்தேன். அதை உடனே காட்டவில்லை. பைக்குள் வைத்திருந்தேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் யாழினி வந்தாள். “மாமா, நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க. நானும் அப்பாவும் செஞ்சு செஞ்சு பாத்துட்டோம், சரியாவே வரமாட்டேங்குது. முட்டை, பால், வெள்ளைச் சர்க்கரை எதுவும் இல்லாம மெத்துன்னு வரணும். உங்களுக்குத்தான் தெரியும்.”

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சமையலறையில் எடுத்து வைத்திருந்த சாமானைப் பார்த்தேன். கேழ்வரகு மாவு, நேந்திரம்பழம், பேரீச்சம்பழம், தேங்காய்ப்பால். இது கேக் சாமானா, விரதச் சாமானா? கேழ்வரகில் கூழ் காய்ச்சலாம், களி கிண்டலாம். கேக் என்று அதனிடம் போய்ச் சொன்னால் அதுவே சிரிக்கும்.

அதற்குள் தெய்வநாயகம் உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தார். அவர் செய்த கேக்காம். எதில் செய்தார் தெரியுமா? இட்லிப் பானையில். ஆவியில் அவித்த கேக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, தம்பி? நான் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

“இதென்ன சம்பந்தி, கேக்கா, கொழுக்கட்டையா?” என்று கேட்டேன்.

“ரெண்டுக்கும் நடுவால ஒண்ணுங்க” என்று சிரித்தார். ரோஷம் உள்ளவன் சிரிப்பானா?

குழந்தை அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றது. குழந்தைக்கு என்ன தெரியும்? அது செருப்பையும்தான் கடிக்கிறது.

நான் வேலையில் இறங்கினேன். முதலில் போட்டது நடுவில் குழி விழுந்துவிட்டது. அடுப்பு சரியில்லை. பெட்டி மாதிரி ஒரு கரண்ட் அடுப்பு, அதில் பொம்மைக்குத்தான் சமைக்கலாம். அடுத்தது கல்லாகிவிட்டது. பழம் சரியில்லை. தெய்வநாயகம் அந்தக் கல்லையும் ஒரு துண்டு பிட்டுத் தின்று, “வாசம் நல்லா இருக்குதுங்க” என்றார். பாருங்கள், மறுபடியும் வாசம்! அந்த ஆளுக்கு மூக்கைத் தவிர வேறு உறுப்பே கிடையாது.

பிறந்த நாளன்று காலையில் வழிக்குக் கொண்டுவந்தேன். கேழ்வரகோடு கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சலித்தேன். பேரீச்சையைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு வெண்ணெய் மாதிரி அரைத்தேன். பழத்தைக் கையால் பிசையாமல் அடித்தேன். சோடா மாவு போட்டு, கடைசியில் எலுமிச்சைச் சாறு விட்டதும் மாவு பொங்கி எழுந்தது. அதை உடனே அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும், ஒரு நிமிஷம் பேசிக்கொண்டு நின்றால் அமுங்கிவிடும். முட்டை இல்லை, பால் இல்லை, சர்க்கரை இல்லை. யாழினி பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். கரண்டியைத் திரும்பக் கழுவினாள். கிண்ணத்தைத் திரும்பக் கழுவினாள். என் கை என்ன சாக்கடையிலிருந்தா வந்தது? பொறுத்துக்கொண்டேன். உள்ளே குழந்தை அழுதது. போகும்போது ஒரு புட்டியை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

“தட்டுக்கு இந்தத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்குங்க மாமா.”

தேங்காய் எண்ணெய் தலைக்குத் தடவுவது. கேக் தட்டுக்கு அதைத் தடவினால் வெளியே வரும்போது ஓரமெல்லாம் பிய்ந்து, நாய் கடித்தது போல நிற்கும். அதை அந்த மனுஷன் முன்னால் கொண்டுபோய் வைக்கவா? பை பக்கத்தில் இருந்தது. வெண்ணெயை எடுத்து மூலை முடுக்கெல்லாம் வழவழவென்று தடவினேன். மேலே கொஞ்சம் மாவு தூவித் தட்டினேன். ஊற்றினேன், உள்ளே வைத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நேற்று ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் இந்த இடத்தில்தான் சுளித்தார்கள். கேளுங்கள். கேக்கில் ஒரு துளி வெண்ணெய் போடவில்லை. தட்டில் தடவினேன். தட்டு வேறு, கேக் வேறு. எந்த மாஸ்டரிடம் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், இந்தக் கேக்கில் என்ன சாமான் என்று. மாவு சொல்வான், முட்டை சொல்வான், சர்க்கரை சொல்வான். தட்டில் தடவியதை ஒருவனும் சொல்ல மாட்டான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் இருக்கிறவன் சுண்ணாம்பைத் தின்கிறான் என்றா அர்த்தம்?

கேக் என்ன அழகாக வந்தது தெரியுமா! தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினேன், சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே வந்தது. ஓரம் கத்தி போல. இன்னொரு கேக் போடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன். கூட்டத்துக்கும் இதுவே போதும், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். அந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஒற்றை மெழுகுவர்த்தி. மகன் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தான். அவனாகத்தான் வைத்தான், நான் கேட்கவில்லை. கேக்கின் ஓரம்தான் முறுகலாக ருசியாக இருக்கும், அதனால் ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தேன். வாயைத் திறந்து வாங்கியது, தம்பி. என் விரலையும் சேர்த்துக் கடித்தது. இத்தனூண்டு பல். மென்றுவிட்டு என் முகத்தைப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டியது. இட்லிப் பானைக் கேக்குக்கு அப்படிக் கையை நீட்டியதா? நீட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இன்னொரு ஓரம் கொடுத்தேன்.

அப்போது தெய்வநாயகம் ஒரு துண்டு எடுத்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். நிச்சயதார்த்தத்திலிருந்து இந்த ஒரு வாய்க்காகத்தான் காத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தார். “வெண்ணெய் வாசம் அடிக்குதுங்களே சம்பந்தி” என்றார்.

அத்தனை பேரும் கேட்கும்படி நான் சொன்னேன்: “ஆமா. ஊத்துக்குளி வெண்ணெய். மோந்து பாத்துக்கோங்க. டால்டா கிடையாது!”

ஒருவரும் கை தட்டவில்லை. யாழினி ஓடி வந்து என் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். “எதுல போட்டீங்க மாமா? சொல்லுங்க, எதுல போட்டீங்க?” கேக்கில் போடவில்லை, கேக்கில் போடவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் குழந்தையின் உதடு தடித்து வந்தது. கன்னமெல்லாம் சிவப்பு. தின்றதை எல்லாம் கக்கியது. அப்புறம் ஒரு சத்தம், மூச்சு இழுக்கிற மாதிரி. தெய்வநாயகம் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம். சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாவும் படியில் விழுந்தன. நான்தான் பொறுக்கினேன். யாராவது அதைச் சொல்கிறார்களா?

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூச்சு சரியானது. வீக்கம் வடிந்து தூங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே சொல்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மகன் அந்த வராந்தாவில் வைத்து, ஊர் பார்க்க, என்னைக் கேட்டான்: “ஒரு வயசுப் புள்ளப்பா! ஒரு துளி கூட ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?”

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் தெய்வநாயகம் குறுக்கே வந்தார். “விடுங்க மாப்பிள்ளை. அவரு வேணும்னேவா செஞ்சாரு? கைப்பழக்கம். கை அதுபாட்டுக்குப் போயிருக்கும்.”

கேட்டீர்களா? கை அதுபாட்டுக்குப் போயிருக்குமாம்! என் கை மாட்டு வாலா, அதுபாட்டுக்கு ஆடுவதற்கு? அலைந்து, விசாரித்து, பார்த்து வாங்கிய வெண்ணெய். யோசித்துத் தடவினேன். அதைக் கிழட்டுக் கையின் மறதி என்று சபையில் சொல்லிவிட்டார். டால்டாவுக்குப் பிறகு இது இரண்டாவது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். “அம்மா, வெண்ணெய்க்குப் பதில் டால்டா தடவியிருந்தால்?” என்று. அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “டால்டா எண்ணெயில செய்யறது, பால் கிடையாது. அதுக்காக ஒரு வயசுக் குழந்தைக்கு அதைக் குடுப்பீங்களா?” என்றாள். பின்பாதி எனக்குத் தேவையில்லை. முன்பாதி போதும். இப்போது கணக்குப் போடுங்கள். என் கை காலமெல்லாம் தட்டுக்கு டால்டா தடவிய கை. அன்றைக்கு அந்த மனுஷன் சபையில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் டால்டாவைத்தான் தடவியிருப்பேன். குழந்தை சிரித்துக்கொண்டு இருந்திருக்கும். அப்படியானால் அந்த உதடு வீங்கியது யாரால்? நீங்களே சொல்லுங்கள். வெளியே பார்க்காதீர்கள், தம்பி. வெளியே பல்லடம்தான், ஒன்றும் இல்லை.

தேங்காய் எண்ணெயா? ஆமாம், வைத்துவிட்டுப் போனாள். அதைத்தான் முன்னாலேயே சொன்னேனே, ஓரம் பிய்ந்துவிடும்.

மறுநாள் காலையில் யாழினி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “மாமா, இனிமே பாப்பாவுக்கு எதைக் குடுத்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க” என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் பேத்திக்கு நான் கொடுக்க இன்னொருத்தியிடம் உத்தரவு வாங்க வேண்டுமாம். பையை எடுத்தேன். மேசையில் கேக் அப்படியே இருந்தது. ஓரம் பிய்ந்ததும் சம்பந்தி எடுத்த துண்டும் தவிர ஒருவரும் தொடவில்லை. பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெய்வநாயகம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கொடுத்தார். கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுக்கவில்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “பாத்துப் போங்க சம்பந்தி” என்றார். அவ்வளவுதான்.

இந்தாருங்கள், ஒரு துண்டு. நடுத் துண்டு, மெத்தென்று இருக்கும். உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளும் அல்லவா? இல்லை, சும்மா கேட்டேன். முதலில் மோந்து பாருங்கள். அடிக்கிறதா டால்டா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

போன் அடிக்கிறது. பெயர் இங்கிலீஷில் வரும், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். முத்துராஜா? அடிக்கட்டும். பஸ் ஏறியதிலிருந்து அவனும் அவளும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். சாப்பிட்டீர்களா, எங்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்பார்கள், குழந்தையைப் போனுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். எனக்கு வேண்டாம்.

தெய்வநாயகம் என்று வந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்போதும் நான் பேச மாட்டேன், நீங்கள்தான் பேச வேண்டும். அந்த டால்டா என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். ‘ங்க’ போட்டுக் கேட்க வேண்டாம்.